மாசமா இருக்கறவங்களுக்கான நம்ம சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை (தலையணை விவகாரம் உட்பட)

வணக்கம் தோழிகளே. போன வருஷ ஆண்டறிக்கை ரெண்டே பக்கம்தான் இருந்துச்சுன்னு சில பேர் கேலி பண்ணீங்க. அப்போ இருந்த செயலாளருக்கு மூணாம் பக்கம் ஆரம்பிக்கும்போது வலி எடுத்துடுச்சு, அவ்ளோதான் விஷயம். அந்த மூணாம் பக்கம் இன்னும் வரலை, இனிமே வரும்னு நானும் நம்பலை. அதனால இந்த வருஷம் நான் முழுசா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். காலைத் தொங்கப் போட்டு உக்காராம ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு கால் மேல வச்சுக்கிட்டு கேளுங்க. நடுவுல பாத்ரூம் போறவங்க போயிட்டு வாங்க, நான் நிறுத்த மாட்டேன், நிறுத்தினா இது முடியவே முடியாது.

கூட்டம் மாசம் ஒண்ணுன்னு 12 போட்டோம், 9 நடந்துச்சு. நடக்காத மூணுல ரெண்டு அன்னன்னைக்கு இருந்த தலைவிக்கு டெலிவரி ஆனதால. (தலைவி பதவியில இந்த வருஷம் மட்டும் மூணு பேர் மாறியாச்சு, இதை நான் குறையா சொல்லலை.) மிச்சம் ஒண்ணுக்கு யாருமே வரலை. நான் மட்டும் வந்து பாயை விரிச்சு அரை மணி நேரம் உக்காந்துட்டு திரும்ப சுருட்டி வச்சுட்டுப் போனேன்.

மூச்சுப் பயிற்சி நடந்துச்சு. ஹாஸ்பிடல் பை கட்டற கூட்டம் நடந்துச்சு, 36 வாரத்துக்குள்ள பை ரெடியா இருக்கணும், செக்கப் ஃபைல் மேலாப்புலயே இருக்கணும்னு ரெண்டு தீர்மானம், ரெண்டும் ஏகமனதா. டியூ டேட் பத்தி ஒரு பேச்சு நடந்துச்சு. கடைசி பீரியட்ஸ் வந்த முதல் நாள்ல இருந்து 280 நாள்ங்கறது வெறும் கணக்கு, சரியா அன்னைக்கே பொறக்கறது நூத்துல நாலஞ்சு குழந்தைங்கதான், அதுக்கு முன்னாடி பின்னாடி எப்ப வேணா வரும்னு தெளிவா சொல்லியாச்சு. இவ்ளோ கேட்டதுக்கப்புறமும் எல்லாரும் டியூ டேட் அன்னைக்கு விடிகாலைலயே எந்திரிச்சு குளிச்சு தலை வாரி ரெடியா உக்காந்திருந்தோம், நானும்தான்.

நம்ம சங்கத்துல யாருக்கும் பேர் கிடையாது, வாரம்தான் பேர். "33 வாரம் வந்தாச்சா, 38 வாரம் எங்க, போன் போட்டுப் பாரு"ன்னுதான் பேசிக்குவோம். "மனசு விட்டுப் பேசற நேரம்"னு ஒண்ணு அஜெண்டால கடைசி பத்து நிமிஷம் போட்டிருக்கும், உண்மையில கூட்டமே அதுதான். ராத்திரி திரும்பிப் படுக்கறது எப்படின்னு பேசறதுக்கு மட்டும் ஒரு நாள் முக்கால் மணி நேரம் போச்சு. முதல்ல முட்டி ரெண்டையும் சேத்து மடக்கணும், அப்புறம் ஒரு கையால வயித்தைத் தாங்கணும், இன்னொரு கையை ஊனி பாதி எந்திரிச்சு, உடம்பை மொத்தமா ஒரே கட்டையா அந்தப் பக்கம் சாய்க்கணும், இதுல முட்டி ஒண்ணு முன்னாடி போயிட்டா அடி இடுப்புல சுரீர்னு ஒரு வலி வரும் பாருங்க. இதை 37 வாரம் பாய்ல படுத்து செஞ்சே காட்டினாங்க, காட்டிட்டு எந்திரிக்க முடியலை, ரெண்டு பேர் தூக்கி விட்டோம், தூக்கின ரெண்டு பேரும் எட்டாம் மாசம். காலைல எந்திரிச்சா விரல் மரத்துப் போய் டம்ளர் பிடிக்க முடியலைன்னு 34 வாரம் அழுதாங்க, மணிக்கட்டுல நீர் கோத்து நரம்பை அழுத்தறதால வர்றது, அனேகமா டெலிவரிக்கப்புறம் சரியாயிடும்னு ஏற்கனவே அதைப் பட்டவங்க சொன்னப்புறம்தான் அவங்க முகம் தெளிஞ்சுச்சு. டாக்டரும் இதையே சொல்லியிருந்தாங்களாம், ஆனா நம்பலை!

இப்போ என் விஷயத்துக்கு வர்றேன். அசைவு நோட்டு. இதைப் பத்தி சில பேர் பின்னாடி பேசினது என் காதுக்கும் வந்துச்சு, அதனால நடந்ததை அப்படியே சொல்லிடறேன்.

ஒரு கூட்டத்துல 34 வாரத் தோழி ஒருத்தங்க (மேல சொன்னவங்க இல்ல, வேற 34) போற போக்குல "நேத்துல இருந்து பாப்பா கொஞ்சம் அமைதியா இருக்கு, வளர வளர உள்ள இடம் பத்தாதுல்ல, அப்படித்தான் குறையும்னு சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. இடம் குறையறதால அசைவோட தினுசு மாறலாம், முன்னாடி மாதிரி டமால்னு உதைக்காம உருள்ற மாதிரி, இழுக்கற மாதிரி தெரியலாம், ஆனா கடைசி வாரம் வரைக்கும் அசைவு குறையக் கூடாது, குறைஞ்சா அன்னைக்கே போய்க் காட்டணும், நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளக் கூடாது. நான் கூட்டத்தை அப்படியே நிறுத்திட்டு அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டேன். வயித்துல பெல்ட் கட்டி குழந்தையோட இதயத் துடிப்பு பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. அதுக்குதான் "செயலாளர் தேவையில்லாம பயமுறுத்திட்டாங்க, கூட்டமும் கெட்டுச்சு"ன்னு பேச்சு. நல்லா இருக்குன்னு கேட்டுட்டு திரும்பி வர்றதுல யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க? போக்குவரத்து செலவு கூட என் கையில இருந்துதான், அதை நான் கணக்குல எழுதலை.

அதுக்கப்புறம்தான் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். 28 வாரத்துல இருந்து, தினம் ஒரே நேரம், பாப்பா வழக்கமா சுறுசுறுப்பா இருக்கற நேரமாப் பாத்து, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, முதல் அசைவுல இருந்து பத்தாவது அசைவு வரைக்கும் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஒரு வரி எழுதணும், அவ்ளோதான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து வரலைன்னாலோ, இல்ல பத்து வந்தும் தினம் 20 நிமிஷம் ஆகற குழந்தை திடீர்னு ஒன்றரை மணி நேரம் எடுத்தாலோ கிளம்பிடணும். அடுத்த வீட்டுக் குழந்தையோட கம்பேர் பண்ணக் கூடாது, உங்க குழந்தைக்கு உங்க குழந்தைதான் அளவு. விக்கலை எண்ணலாமா கூடாதான்னு மட்டும் ரெண்டு கூட்டம் சண்டை நடந்துச்சு, கடைசில வேண்டாம்னு முடிவு பண்ணோம், ஏன்னா அது குழந்தை தானா அசையறது இல்ல, ஒருத்தங்க மட்டும் இன்னும் எண்ணிட்டுத்தான் இருக்காங்க. நோட்டைத் திருப்பிக் கொடுத்தவங்க கிட்ட வாங்கிப் பாத்தேன், முதல் வாரம் அழகா தேதி போட்டு எழுதியிருப்பாங்க, அப்புறம் நேரம் மட்டும், அப்புறம் வெறும் டிக், ஆனாலும் டெலிவரிக்கு முந்தின நாள் வரைக்கும் டிக் இருக்கு. ஒரு நோட்டுல கடைசி பக்கத்துல "6 நிமிஷம், ரவுடி"ன்னு எழுதியிருந்துச்சு. திட்டம் தோல்வின்னு சொல்றவங்க அந்த நோட்டை வந்து பாக்கலாம், எங்க வீட்டு அலமாரில பத்திரமா இருக்கு.

ராத்திரி போன் விஷயம். வலி வந்தா யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியாதவங்க எனக்குப் பண்ணலாம்னு நான்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா வர்ற போன்ல பெரும்பாலானது சூட்டு வலி. வயிறு கல்லு மாதிரி இறுகும், விடும், நேரம் ஒழுங்கா இருக்காது, தண்ணி குடிச்சுட்டு கொஞ்சம் நடந்தாலோ பக்கம் மாத்திப் படுத்தாலோ அடங்கிடும். நிஜ வலி நடந்தாலும் படுத்தாலும் அடங்காது, போகப் போகக் கிட்டக் கிட்ட வரும், கூடும். முதல் பிரசவம்னா அஞ்சு நிமிஷத்துக்கொரு தடவை, ஒரு நிமிஷம் நீடிச்சு, ஒரு மணி நேரமா அப்படியே வருதான்னு பாத்துட்டுக் கிளம்பலாம்னு பொதுவா சொல்லுவாங்க, உங்க டாக்டர் முன்னாடியே வரச் சொல்லியிருந்தா அதான் கணக்கு. பனிக்குடம் உடைஞ்சாலோ ரத்தம் பட்டாலோ, 37 வாரம் முடியறதுக்கு முன்னாடியே வலி வந்தாலோ எந்தக் கணக்கும் வேண்டாம், எனக்குப் போன் கூட வேண்டாம், நேரா ஹாஸ்பிடல். இதை நான் தனித்தனியா ஒவ்வொருத்தருக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு, மடியில குழந்தையைப் போட்டுக்கிட்டு சொல்லியிருக்கேன்.

குழந்தைன்னதும் ஞாபகம் வருது. "டெலிவரி ஆகி ஏழு மாசம் ஆனவங்க எப்படி இன்னும் செயலாளரா இருக்கலாம், இது மாசமா இருக்கறவங்க சங்கம்தானே"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதான். விதியில அப்படி எதுவும் இல்லைங்கறதை விடுங்க. நான் விலகறேன்னு ரெண்டு தடவை சொன்னேன், முதல் தடவை எடுத்துக்கறேன்னு சொன்னவங்க 35 வாரம், அடுத்த கூட்டத்துக்கு முன்னாடியே அவங்களுக்கு ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை எல்லாரும் அவங்கவங்க வயித்தைப் பாத்துக்கிட்டாங்க.

என் குறை வேற. டெலிவரி ஆனதும் ஒருத்தர் கூடத் திரும்பிப் பாக்கறதில்ல. போட்டோ வரும், மூணு நாள் வாழ்த்து, அதோட ஆள் காணோம். தூக்கம் இல்ல, பால் குடுக்கணும், தையல் வலிக்குது, எல்லாம் எனக்கும் தெரியும், முதல் மூணு மாசம் யாரையும் கூப்பிட மாட்டேன். ஆனா அப்புறமாவது ஒரே ஒரு தடவை வாங்க. ஏன் சொல்றேன்னா, வருஷத்துக்கே ஒரு பழைய உறுப்பினர்தான் வந்தாங்க, நாலு மாசக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, பை ஒண்ணைத் திருப்பிக் குடுக்க. அன்னைக்கு 35 வாரத் தோழி மூலையில உக்காந்து தலைவலிக்குதுன்னு நெத்தியைப் பிடிச்சுட்டு இருந்தாங்க, கால் வீங்கியிருந்துச்சு, கால் வீக்கம் எங்க எல்லாருக்கும்தான் இருக்கு, யாரும் பெருசா எடுத்துக்கலை, நான் உட்பட, இதை மறைக்க விரும்பலை. வந்தவங்க வாசல்ல நின்னுக்கிட்டே "முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு, மோதிரம் கழலுதா பாரு"ன்னு கேட்டாங்க. கழலலை. "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதா"ன்னாங்க. ஆமான்னாங்க. அவங்களுக்கே பிபி ஏறி முன்கூட்டி சிசேரியன் ஆனவங்க அவங்க, அதனாலதான் அந்தக் கண்ணு. அன்னைக்கு சாயங்காலமே அட்மிஷன், பிபி ரொம்ப அதிகம், யூரின்ல புரதம், 37 வாரத்துல குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. (அவங்களும் அதுக்கப்புறம் வரலை.) மாசமா இருக்கறவங்களுக்குள்ளேயே உக்காந்து பேசினா எல்லாருக்கும் ஒரே வீக்கம், ஒரே நெஞ்செரிச்சல், எது சாதாரணம் எது இல்லன்னு யாருக்குத் தெரியும்?

சந்தா. உறுப்பினர்ல பாதிப் பேருக்கு மேல பாக்கி. "டெலிவரி முடிஞ்சு குடுக்கறேன்"னு சொல்றதை இனிமே ஏத்துக்கறதா இல்ல, ஏன்னு மேல படிச்சீங்கல்ல. சில பேர் 38 வாரத்துல வந்து சேந்துட்டு ரெண்டு வாரத்துக்கு எதுக்கு முழு சந்தான்னு கேக்கறாங்க, 41 வாரம் வரைக்கும் போனவங்க யாரும் கூடுதலா குடுத்ததில்லைங்கறதையும் சொல்லிக்கறேன்.

கணக்கு வழக்கு: போன வருஷ இருப்பும் இந்த வருஷ வரவும் சேந்து, செலவு போக கொஞ்சம் மிச்சம் இருக்கு. செலவு நோட்டு, பேனா, பாய் ஒண்ணு, நொறுக்குத் தீனி, இதர. "இதர" என்னன்னு கேட்டாங்க, பொருளாளர் எழுதி வச்ச சிட்டை அவங்க ஹாஸ்பிடல் பையில போயிடுச்சு, பை இன்னும் பிரிக்கலையாம். கிடைச்சதும் காட்டறேன்.

நன்றி: பதவியில இருந்த மூணு தலைவிகளுக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்து வெளிய ரெண்டு மணி நேரம் நின்ன வீட்டுக்காரங்களுக்கும், எங்க கேள்விக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்ன நர்ஸ் அக்காவுக்கும், எந்திரிக்க முடியாதவங்களைத் தூக்கி விட்ட எல்லாருக்கும்.

அடுத்த வருஷம் பத்தி. நான் இருப்பேனான்னு தெரியலை, இருக்கணும்னு ஆசையும் இல்ல, ஆனா நோட்டை யார் பாத்துக்குவாங்க, ராத்திரி போனை யார் எடுப்பாங்கன்னு நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. இப்போ 20 வாரத்துக்குள்ள இருக்கற யாராவது முன்வந்தா நல்லது, குறைஞ்சது நாலஞ்சு மாசம் ஓடும். வாந்தி நின்னவங்களா இருந்தா இன்னும் நல்லது.

கடைசியா தலையணை. சங்கத்துக்குன்னு இருக்கற ஒரே சொத்து அந்த நீளமான தலையணைதான். வயித்துக்கு அடியில ஒரு முனை, முட்டிக்கு நடுவுல இன்னொரு முனை வச்சுப் படுத்தா ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரமாவது சேந்தாப்புல தூக்கம் வரும், 28 வாரத்துக்கப்புறம் தூங்கப் போகும்போது மல்லாந்து படுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுங்கன்னு சொல்றதுனால அது இல்லாம முடியறதில்ல. யார் கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், இப்போ அதைச் சுவரோரம் போட்டு குழந்தை உருளாம அணை கட்டியிருக்கீங்கன்னு போட்டோல பாத்தேன். குழந்தை பக்கத்துல தலையணை போடறது பாதுகாப்பும் இல்ல, மூச்சு முட்டிடும், அதுக்காகவாவது எடுத்துடுங்க. உறை துவைக்காட்டாலும் பரவால்ல. வாசல்ல வச்சுட்டு பெல் அடிச்சுட்டுப் போயிடுங்க, நான் உடனே கதவைத் திறக்க மாட்டேன். 31 வாரம் ஒருத்தங்க மூணு வாரமா கேட்டுட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
செயலாளர்