செப்டம்பர் 24: பழைய கோயில், கல்லறைத் தோட்ட வேலை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய தின விடுமுறையன்று காலை 7 மணிக்குக் கரும்புத் தோட்டத்துப் பழைய கோயிலில் கூடுவோம். பிராய் (கரியில் இறைச்சி சுடும் விருந்து) மதியத்துக்கு மேல்தான்!

1. வாளி, மெல்லிய நைலான் பிரஷ், மூடிய காலணி கொண்டுவரவும். கம்பி பிரஷ், ஜிக் (ப்ளீச்) கூடாது, கல்லறைக் கல்லின் எழுத்து உதிரும்.
2. கல்லை நனைத்துக் கீழிருந்து மேலாகத் தேய்க்கவும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் கோடு விழும்.
3. கல்லறையில் வேரோடிய செடியைப் பிடுங்காதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். தரைமட்டத்தில் வெட்டினால் போதும்.
4. விரிசலில் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சிமெண்ட் ஈரத்தை அடைத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தில் கைவைக்க அமாஃபா (குவாசுலு-நாடல் மாகாண மரபுரிமை அமைப்பு) அனுமதியும் தேவை.
5. மங்கிய எழுத்தைக் காலைச் சாய்வெயிலில் படமெடுக்கவும். மாவு தடவாதீர்கள்.

அங்கே குழாய் இல்லை. பக்கி (பின்புறம் திறந்த சிறு லாரி) வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஏற்ற முடியுமா? வருவோர் எத்தனை பேர் என்று ஞாயிறுக்குள் இங்கே போடவும்.