ஜாரான் கெப்பாங் குழுவுக்கு வாத்தியம் வாங்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

இந்தோனேசியாவின் சுமத்ராவில், மேடான் நகரை ஒட்டிய எங்கள் கம்போங்கில் (கிராமத்தில்) ஜாரான் கெப்பாங் என்ற மூங்கில் குதிரை ஆட்டக் குழு ஒன்று இருக்கிறது. ஆடுகிறவர்கள் எல்லாரும் ஜாவாக்காரர்கள். கமிட்டியில் மட்டும் தமிழர்கள் மூன்று பேர் இருக்கிறோம். பழைய உறவுதான். 1863இல் நீன்ஹெய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியுள்ள டெலி பகுதிக்கு வந்து புகையிலை போட ஆரம்பித்த பிறகு, ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். ரோடு போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் நம்மவர்களும் வந்தார்கள். நாம் 1880களில் மேடானில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினோம். அவர்கள் இந்தக் குதிரையைக் காப்பாற்றி வைத்தார்கள்.

நம் பொய்க்கால் குதிரை மாதிரி உள்ளே நுழைந்துகொள்ளும் கூடு இல்லை இது. மூங்கிலைத் தட்டையாகப் பின்னி, வர்ணம் பூசி, கால்களுக்கு இடையில் பிடித்து ஆடுவார்கள். கென்டாங் மத்தளம் வேகமெடுக்க, சவுக்கு சொடுக்க, யாராவது ஒருவருக்கு ஆவி இறங்கிவிடும். வைக்கோல் தின்பார், தேங்காயைப் பல்லாலேயே உரிப்பார், கண்ணாடியைக் கடிப்பார். சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததா? சாம்பிராணி வாசனை கூட அதேதான். மலையேற்றுவது பவாங் என்கிற பூசாரி மாதிரியானவரின் பொறுப்பு.

'பேய் ஆட்டத்துக்குப் பணமா?' என்று சிலர் கேட்கிறார்கள். சரி, அது அவர்கள் கருத்து. எங்கள் பவாங் தொழுகையை முடித்துவிட்டுத்தான் களத்துக்கே வருவார்.

எங்கள் சிக்கல் வேறு. கல்யாணம், சுன்னத்து விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். கிடைப்பதில் பாதிக்கு மேல் வாத்திய வாடகைக்கே போய்விடுகிறது. பையன்கள் கைக்கு என்ன மிஞ்சும்? போன வருஷம் ஒரு வீட்டில் கீபோர்டை வைத்துச் சமாளித்தோம். அன்றைக்கு ஒருவருக்கும் இறங்கவில்லை. கீபோர்டுக்குக் குதிரை வராது என்று பவாங் இப்போதும் திட்டுகிறார்.

ஆகவே சொந்தமாக இரும்புப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் சாரோன், அதைவிடப் பெரிய டெமுங், ஒரு பெரிய கோங், இரண்டு கென்டாங், அப்புறம் எட்டுக் குதிரைகள் வாங்கப் போகிறோம். மொத்தம் 40 மில்லியன் ரூபியா ஆகும். இதுவரை 11 மில்லியன் சேர்ந்திருக்கிறது. எந்தத் தொகைக்கும் ரசீது உண்டு. ஞாயிறு மாலை பயிற்சிக் களத்தில் பொருளாளரிடம் நேரிலேயே கொடுக்கலாம்.

பணமாகத் தர முடியாதவர்கள் ஒரு பயிற்சி இரவுக்குச் சோறு போட்டாலும் சந்தோஷம். பதினாறு பேர் இருக்கிறோம். ஆடிவிட்டு வந்தால் நன்றாகவே சாப்பிடுவோம்.

இப்படிக்கு,
கமிட்டியினர்