ஹோனி கோல்ஸ் மாலைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

நியூ ஜெர்சி வாழ் நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தேசிய டேப் நடன நாளாகக் கொண்டாடப்படும் மே 25 அன்று, அமெரிக்க டேப் நடனக் கலைஞர் சார்ல்ஸ் ‘ஹோனி’ கோல்ஸின் ஆட்ட வாழ்வையும் ஆசிரியப் பணியையும் நினைவுகூர்ந்து நாங்கள் நடத்திய மாலை இனிதே நிறைவேறியது. நன்றியுரைக்கு ஒதுக்கியிருந்த நேரத்தைப் பார்வையாளர்களின் கேள்விகள் எடுத்துக்கொண்டதால் (அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே), அன்று சொல்லாமல் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, தரை அமைத்துத் தந்த தச்சருக்கு. காலணியின் முன்புறத்திலும் குதிகாலிலும் திருகாணியால் பொருத்திய உலோகத் தகடுகள் மரத்தில் பட்டு எழுப்பும் ஒலிதான் டேப் நடனத்தின் உயிர் என்பதால், கான்கிரீட் தரையில் ஆடினால் ஒலியும் கெடும், முழங்காலும் கெடும். முதலில் கேட்ட மண்டபத்தார் தரை கீறிவிடும் என்று கைவிரித்த பிறகு, இவர் மேப்பிள் பலகைகளுக்கு அடியில் சட்டம் அடித்து, இடைவெளி விட்டு, எடுத்துச் செல்லக்கூடிய மேடையையே செய்து கொடுத்தார். திரை விலகும் முன் எங்கள் ஆசிரியை நான்கு மூலைகளையும் குதிகாலால் தட்டிப் பார்த்து, ஒன்று மட்டும் மந்தமாக ஒலிப்பதாகச் சொன்னதும், மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் ஊர்ந்து சென்று ஆப்பு வைத்தார்.

அடுத்து, ஜதி சொல்லி விளக்கிய நட்டுவனாருக்கு. பிலடெல்பியாவில் 1911 இல் பிறந்து, தெருவில் ஆடிக் கற்று, மின்னல் வேகக் கால்களுக்குப் பெயர் வாங்கிய கோல்ஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சக ஆட்டக்காரர் சோலி அட்கின்ஸுடன் இணைந்தபோது பேர்போனது, நம்ப முடியாத அளவுக்கு மெதுவான ஓர் ஆட்டத்தால். வேகத்தில் மறைந்துவிடும் பிசிறுகள் விளம்ப காலத்தில் எப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரியும் என்பதை, ஒரே ஜதியை மூன்று காலங்களில் சொல்லி நட்டுவனார் புரியவைத்தார். நான் தயாரித்திருந்த நீண்ட விளக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அன்று பலரையும் கலங்கவைத்தது கோல்ஸ் வாழ்வின் நடுப்பகுதி. நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகள் பாலே பாணிக்கு மாறி, பெரிய இசைக்குழுக்களும் கலைந்துபோன 1950களில் டேப் கலைஞர்களுக்கு வாய்ப்பு வற்றியது. அட்கின்ஸுடனான கூட்டும் முடிந்தபின், நியூயார்க் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் பிறர் ஆடவும் பாடவும் மேடை ஒழுங்குசெய்யும் மேலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். புகழ்பெற்ற டேப் கலைஞர் பில் ராபின்சன் 1949 இல் மறைந்ததும் அவர் நினைவாகத் தோன்றிய ‘கோப்பசெட்டிக்ஸ்’ என்ற கலைஞர் கூட்டத்தில் கோல்ஸும் ஒருவர். மே 25 அந்த ராபின்சனின் பிறந்த நாள்தான். பின்னாளில் பிரெண்டா புஃபலினோ போன்ற அடுத்த தலைமுறையினர் கோல்ஸைத் தேடி வந்து கற்றனர். பல்கலைக்கழகங்களிலும் அவர் பாடம் நடத்தினார். 1983 இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், பிராட்வே இசை நாடகம் ஒன்றுக்காக டோனி விருதும், 1991 இல், மறைவதற்கு ஓராண்டு முன்பு, அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கமும் பெற்றார். விருதுகளைவிட அந்த மேலாளர் ஆண்டுகளே என் மனத்தில் பெரிதாக நிற்கின்றன.

இப்பகுதியை வாசித்த உயர்நிலைப் பள்ளி மாணவிக்கும், தரையோடு ஒட்டி ஒலிவாங்கிகளை வைத்து ஒவ்வொரு தட்டையும் பின்வரிசைவரை கொண்டுசேர்த்த ஒலிப்பதிவு நண்பருக்கும், எழுபதைத் தாண்டியும் ஆடிக் காட்டிய எங்கள் ஆசிரியை அம்மையாருக்கும், கொழுக்கட்டையும் காப்பியும் கொண்டுவந்த சகோதரிகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மேடைப் பலகைகள் தச்சரின் கார் கொட்டகையில் பத்திரமாக உள்ளன. நடனப் பள்ளிகள் கேட்டால் வாடகையின்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்றி இறக்க நான்கு பேர் மட்டும் வேண்டும்.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்