மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறியது, கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

வார்டு மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கெங்கையம்மன் திருவிழா முடிந்து, வந்த சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பி, பந்தலும் பிரித்தாகிவிட்டது. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் மரியாதையாக இருக்காது என்றுதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மேட்டுத் தெரு, அதன் பின்னால் இருக்கும் சந்துகள், பள்ளிவாசல் தெருவின் மேல்பாதி, இத்தனை வீடுகளுக்கும் சித்திரை பிறந்ததிலிருந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி, அதையொட்டித்தான் நம்ம ஊரிலும் காப்புக் கட்டுவார்கள், அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். யாரால் ஏறியது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கவுன்சிலர் அம்மா செய்தார் என்று சொல்லிக்கொண்டு டீக்கடைப் பெரியவர் ஒருவர் எனக்குச் சால்வை போடவே வந்துவிட்டார். சால்வை போட வேண்டிய தோள்கள் வேறு.

யார் பெயரையும் இதில் போடவில்லை. கேட்டுப் பார்த்தேன், முக்கால்வாசிப் பேர் "பேரெல்லாம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் படிக்கும்போதே யார் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும், நம்ம ஊர் அவ்வளவுதானே.

முதல் நன்றி பம்ப் ஆபரேட்டர் தம்பிக்கு. ஏன் முதலில் அவர் என்றால், நாம் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒன்றை அவர்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கு வருவது இரண்டு தண்ணீர். ஒன்று பாலாற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து வருவது. மேலே சொட்டு இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் நீரோட்டம் இருக்கும், அதைத்தான் எடுக்கிறோம். இன்னொன்று மேட்டூரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே வரும் காவிரி. வழியில் ஏதோ ஒரு நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும், எங்கேயாவது குழாய் உடைந்தாலும் நமக்கு வராது. அதனால் தண்ணீர் நின்றவுடனே காவிரி வரவில்லை, பாலாறு வற்றிவிட்டது என்று நாமாகவே காரணம் சொல்லி முடித்துவிட்டோம். மன்றக் கூட்டத்திலும் அதையேதான் பேசினார்கள், லாரித் தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்ற அளவுக்குப் போய்விட்டது. தம்பி மட்டும் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். "தொட்டி நிறையுதுக்கா, இறங்கவும் இறங்குது, மேட்டுத் தெருவுக்கு மட்டும் போகலை, நடுவுல எங்கேயோ பிடிக்குதுக்கா." ஒரு லட்சம் லிட்டர் மேல்தொட்டி, தினமும் காலையில் எத்தனை அடி, திறந்த பிறகு எத்தனை அடி என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் எவ்வளவு என்று எழுதினால் எனக்குத்தான் வெட்கம். அந்த நோட்டு இல்லையென்றால் இன்றைக்கும் லாரிக்குப் பணம் கட்டிக்கொண்டு பாலாற்றைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, நடுவில் எங்கே பிடிக்கிறது? அலுவலகத்தில் வரைபடம் கிடையாது. அந்தக் காலத்து ஏசி பைப் (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்), அதன் மேல் தார் ரோடு, அதன் மேல் இன்னொரு தார் ரோடு, கடைசியாகப் பேவர் பிளாக். வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஓய்வு பெற்ற பிட்டர் (குழாய் வேலை பார்ப்பவர்) பெரியவர். முழங்கால் வலி, ஆற்றங்கரைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்செல்லில் போய்க் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு அப்படியே வண்டியில் ஏறி வந்துவிட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகலில் வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடச் சொன்னார். ஒரு கடப்பாரையை ரோட்டில் நிறுத்தி, அதன் மேல்முனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாலடி நகர்ந்தார், மறுபடியும் வைத்தார். பேசினால் கையைக் காட்டி அடக்கினார், தெருநாய் குரைத்தபோது நாயையும் அடக்கப் பார்த்தார். நல்ல குழாயில் தண்ணீர் போனால் சத்தம் பெரிதாக இருக்காதாம். பாதி மூடிய வால்வில் நெருக்கிக்கொண்டு போகும்போதுதான் இரைச்சல் வருமாம். பழைய நூலகக் கட்டடத்துக்கு எதிரே வந்ததும் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போட்டு "இங்க தோண்டு" என்றார். பிளாக்கை எடுத்து, ஜல்லியைத் தள்ளி, இரண்டு தார் அடுக்கையும் உடைத்தால், மண் மூடிய வால்வுத் தொட்டி அவர் போட்ட வட்டத்துக்குள்ளேயே இருந்தது.

திருப்பினால் அசையவில்லை. பசங்கள் இரண்டு பேர் சேர்ந்து தம் கட்டித் திருகப் போனார்கள், பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லைட்டெல்லாம் எரிந்துவிட்டது. தண்டு முறிந்தால் மொத்த ஊருக்கும் தண்ணீர் கட். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கால் சுற்று இந்தப் பக்கம், அரைக்கால் சுற்று அந்தப் பக்கம் என்று விடியும்வரை கெஞ்சிக் கெஞ்சித் திறந்தார். முக்கால்வாசி மூடியிருந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்து ஆற்றுக்குள் இருந்த குழாயை அடித்துக்கொண்டு போனபோது, வேலை பார்க்க யாரோ மூடியிருக்கிறார்கள். முழுசாகத் திறப்பதற்குள் மேலே ரோடு வந்துவிட்டது. அதிலிருந்து வருஷா வருஷம் மெலிந்து மெலிந்து, இந்தக் கோடையில் சுத்தமாக நின்றுவிட்டது. மூடினது யார் என்று சிலர் கேட்டார்கள். பெரியவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை, டீ வந்துவிட்டதா என்று கேட்டார்.

இந்தக் கோடையில் ஏன் சுத்தமாக நின்றது என்பதற்கு இன்னொரு பாதிக் காரணம் கீழ்த் தெருவில் இருந்தது, லைனிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. யார் யார் என்று சொல்ல மாட்டேன். கழற்றிவிட்டு, தரையில் தொட்டி கட்டி அதிலிருந்து மேலே ஏற்றிக்கொள்ளும் வீடுகளுக்கு மனதார நன்றி. இன்னும் கழற்றாத மூன்று வீடுகளுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன், முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை, குழாய் காலியாக இருக்கும்போது மோட்டார் இழுத்தால் விரிசல் வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும், அதைக் குடிப்பதும் நாம்தான்.

தண்ணீர் இல்லாத அத்தனை நாளும் பள்ளிவாசல் போர்வெல்லைக் காலையும் மாலையும் தெருவுக்குத் திறந்துவிட்ட ஜமாத் பெரியவர்களுக்கும், கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பாய்க்கும் நன்றி. தன் தென்னைக்கே போதாத கிணற்றிலிருந்து டிராக்டர் டேங்கருக்கு நிரப்பிக் கொடுத்த ஆற்றங்கரை விவசாயி அண்ணனுக்கு நன்றி. அப்புறம் பீடி சுற்றும் அக்காக்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், குடத்தோடு நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கூலியில்தான் கழியும். அப்படி இருந்தும் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று பீடிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆபரேட்டர் தம்பியின் நோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் கூட்டத்தில் லாரிப் பேச்சு நின்றது.

மன்றத்துக்கும் சொல்ல வேண்டும். நான் சுயேச்சையாக வந்தவள், தலைவர் ஒரு கட்சி, எதிர்வரிசையில் இருக்கும் கவுன்சிலர் இன்னொரு கட்சி, மூன்று பேரும் ஒரே பக்கம் கை தூக்கியது 2022 மார்ச்சில் பதவி ஏற்றதிலிருந்து இதுவே முதல் தடவையாக இருக்கலாம். தோண்டுகிற செலவுக்குத் தலைவர் முன் அனுமதி கொடுத்தார், செயல் அலுவலர் கோப்பை அன்றைக்கே நகர்த்தினார், பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு, அதாவது பின்னேற்புக்கு வந்தபோது யாரும் வம்பு செய்யவில்லை. எதிர்வரிசை அண்ணன் தன் வார்டு கால்வாய் வேலையை அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொள்ளச் சம்மதித்தார். அது சின்ன விஷயமில்லை, அவர் வார்டில் அவர் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பிரித்த பேவர் பிளாக்கைக் காசு வாங்காமல் திரும்பப் பதித்துக் கொடுத்த ஒப்பந்ததாரருக்கும் நன்றி.

திறந்த அன்று முதலில் வந்தது டீத்தூள் நிறத் தண்ணீர். அதை ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தவர் மேல்நிலைப் பள்ளி வேதியியல் டீச்சர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அப்படியென்றால் நம்ம தொட்டிக்கு 400 கிராம், அதையும் அப்படியே கொட்டாமல் பக்கெட்டில் கரைத்துத் தெளியவைத்து மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும் என்று தொட்டிக்குக் கீழேயே நின்று செய்யவைத்தார். பிறகு மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற்றும் மருந்து விட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்த்தார். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டுமாம். ஏறியது, லேசான எலுமிச்சை மஞ்சள். அந்த வீட்டுப் பாட்டி "இதுக்கா இவ்ளோ சந்தோஷம்" என்று கேட்டார்.

இன்னொன்று. பிட்டர் பெரியவர் தனக்குத் தெரிந்த லைன், வால்வு, ஏர் வால்வு எல்லாவற்றையும் பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்து கொடுத்திருக்கிறார். வீட்டு நம்பர் கிடையாது, "வேப்பமரத்துக்கு ஆறு எட்டு", "இட்லிக் கடை வாசல்" என்றுதான் குறிப்பு. அந்த வேப்பமரமும் இப்போது இல்லை. பாலிடெக்னிக் படிக்கும் நம்ம தெருப் பெண் அவரையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, டேப்பு பிடித்து அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் அலுவலகத்தில் மாட்ட வேண்டும், இனி ரோடு போடுகிறவர் வால்வுத் தொட்டியை ரோடு மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால்தான் பில் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். பெரியவருக்கு ஒரு மதிப்பூதியமும் அதிலேயே கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்கிறார், விடப்போவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. சந்தின் கடைசி வீடுகளுக்கு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது, ஏசி பைப்பை மாற்றினால்தான் தீரும். நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்று ஒதுக்க வேண்டிய பங்கிலிருந்து கேட்டு மதிப்பீடு போயிருக்கிறது, உடனே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதுவரைக்கும் மேட்டுத் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை 6 மணிக்குத் திறப்பார்கள், சந்து வீடுகளுக்காக அரை மணி நேரம் கூடுதலாக விடச் சொல்லியிருக்கிறேன். நேரம் மாறினால் முந்தின நாள் சாயந்திரமே ரேஷன் கடைப் பலகையில் எழுதிவிடுவோம்.

உங்கள் வார்டு உறுப்பினர்