வெனீரேயின் எதிர்காலம்

பலெர்மோ

அன்பு மகனுக்கு,

பொலோஞாவிலிருந்து நீ முதன்முதலாக இத்தாலிய மொழியில் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'வருவேன்' என்பதற்கு 'வெனிரோ' என்று எழுதியிருந்தாய். தூங்குவதைக் குறிக்கும் 'தொர்மீரே' என்ற வினை 'தொர்மிரோ' ஆகும்போது வருவதைக் குறிக்கும் 'வெனீரே' அப்படி ஆகாதா என்று நீ எண்ணியதில் நியாயம் உண்டு. ஆனாலும் சரியான வடிவம் 'வெர்ரோ' என்பதுதான்.

இதனை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்து ஒதுக்கிவிடாதே. லத்தீனின் பழைய எதிர்கால வடிவங்கள் பேச்சில் மறைந்தபோது, நாம் 'வர இருக்கிறேன்' என்பதைப் போல, மக்கள் வினையோடு உடைமையைக் குறிக்கும் துணைவினையின் நிகழ்காலத்தைச் சேர்த்துப் பேசினார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டபின் நடுவிலிருந்த இகரம் தேய்ந்தது. ரகரத்தை நெருங்கிய னகரம் தானும் ரகரமாயிற்று. பொன்னும் குடமும் பொற்குடமாவதைப் பள்ளியில் படித்த உனக்கு இது புதிதல்ல. பிடித்திருப்பதைக் குறிக்கும் 'தெனேரே' 'தெர்ரோ' ஆவதும், தங்குவதைக் குறிக்கும் 'ரிமனேரே' 'ரிமர்ரோ' ஆவதும் இவ்வழியில்தான்.

நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: வெர்ரோ, வெர்ராய், வெர்ரா, வெர்ரேமோ, வெர்ரேத்தே, வெர்ரான்னோ. இவற்றின் ஈறுகளில் அந்தத் துணைவினையின் ஓ, ஆய், ஆ, ஆன்னோ இன்றும் கேட்கின்றன. 'வெர்ரோ', 'வெர்ரா' இரண்டிலும் கடைசி உயிரெழுத்தின்மேல் அழுத்தக் குறி இடத் தவறாதே.

'வெர்ரேமோ'வில் மகரம் ஒன்றுதான். நான் இங்கு வந்த புதிதில், வேலை செய்த வீட்டு அம்மாவுக்கு 'நாளை வருவோம்' என்று எழுதிவைக்கும்போது மகரத்தை இரட்டித்து 'வெர்ரெம்மோ' என்று எழுதினேன். முடிந்தால் வருவோம் என்று பொருள்பட்டதால், அவர் வேறு ஆட்களை அழைத்துவிட்டார். எங்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அன்றிரவு உன் அம்மா அடுப்படிச் சுவரில் ஆறு வடிவங்களையும் எழுதி ஒட்டினாள்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். நேரம் தெரியாதபோது நாம் 'மூன்று மணி இருக்கும்' என்று எதிர்காலத்தில் ஊகிப்பதுபோல், அவர்களும் 'சரான்னோ லே த்ரே' என்பார்கள். நாளைக்கே வருவதானால் நம்மைப் போலவே நிகழ்காலத்தில் 'வெங்கோ தொமானி' என்று சொல்லிவிடுவார்கள்.

நத்தாருக்கு எத்தனையாம் திகதி வருவாய் என்று அம்மா கேட்கிறாள். அதை இத்தாலிய மொழியிலேயே, இரண்டு ரகரமும் அழுத்தக் குறியும் இட்டு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா