தொட்டில் கொக்கியைத் தூக்குக் கொக்கி ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர், பாழடைந்த தோட்டக் கட்டடங்களுக்குள் நுழைந்து படம் பிடிக்கும் இளைஞர்களை எல்லாம் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயம்தான், ஆனால் பிடித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் காரியமாக எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படி உள்ளே போகிறவன். மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் கல்யாணப் படம் எடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன், முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவை மாட்டிக்கொண்டு செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குள், கிடக்கும் பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பால் ஸ்டோர் (ரப்பர் பால் சேர்க்கும் இடம்), ஸ்மோக் ஹவுஸ் (ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகை) என்று சுற்றுவேன். இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

என் கோபம் வேறு. அண்மையில் ஒரு வீடியோ எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. பக்கத்துத் தோட்டத்து நீளக் கொட்டகை, பாதிக் கூரை இல்லை, உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். டார்ச் லைட்டை அதன்மேல் அடித்தபடி ஒரு பையன் கிசுகிசுக்கிறான், ஜப்பான்காரன் ஆட்களைக் கொன்று தொங்கவிட்ட இடமாம். பின்னணியில் அலறல் வேறு சேர்த்திருக்கிறார்கள். ஐயா, அது ஆயாக்கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்புக்கு) போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், அந்தக் கொக்கிகளில் சேலைத் தொட்டில் தொங்கும். நானும் அப்படி ஒரு கொட்டகையில் வளர்ந்தவன்தான். கொக்கிகளை உற்றுப் பார்த்தால் உள்வளைவு மட்டும் துணி உரசி உரசிப் பளபளவென்று இருக்கும், வெளிப்பக்கம் துரு. கீழே சுவரில், தவழும் பிள்ளை பிடித்து எழுந்து நிற்கிற உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து ஒரு பட்டை ஓடுகிறது. பையன் டார்ச்சை அங்கே திருப்பவே இல்லை.

பேய்க்கதை எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. கலிடோனியா தோட்டத்தில் இருக்கும் 99 கதவு மாளிகையைத் தெரியாதவர்கள் யார்? ராம்ஸ்டன் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீடு. 1948-இல் அந்தக் குடும்பத்து ஜான் ராம்ஸ்டன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து பேய், பில்லிசூனியம், நள்ளிரவுப் படப்பிடிப்பு. அந்த மாளிகையை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது என்று வீடியோக்காரர்கள் கேட்பதில்லை. இந்தச் செபராங் பிறைப் பக்கம் ரப்பருக்கு முன்னால் கரும்புத் தோட்டங்கள்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவந்து கரும்பு வெட்ட வைத்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. கொலையுண்ட துரைக்கு ஆவி உண்டாம், கரும்புக்காட்டில் காய்ச்சலில் செத்தவனுக்கு அதுகூடக் கிடையாது போலிருக்கிறது.

பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்குப் போனாலும் இதே கதை. வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை, கெல்லி கோட்டை என்பார்கள், அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் அரைகுறையாக நின்றது. இன்று டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். கட்டுமான வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவர்களில் பலரைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. அவர்கள் கேட்டுக்கொண்டதால் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் கூரையில் சாமிகளோடு துரையின் சிலையும் உண்டு. கோட்டையைப் படம் எடுப்பவர்களில் பாதிப் பேராவது அந்தக் கோயில்வரை நடந்தால் எனக்குச் சந்தோஷம்.

மாளிகைகளுக்காவது டிக்கெட்டும் பெயர்ப்பலகையும் கிடைக்கின்றன. லயத்துக்கு என்ன கிடைக்கும்? 2005-இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது, நல்ல சட்டம்தான். ஆனால் ஆறு கதவு வரிசையும் பொதுக் குழாயும் உள்ள பலகை வீட்டை மரபுடைமை என்று யார் போய் மனு கொடுப்பார்? ஐம்பதுகளின் கடைசியிலிருந்தே துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், அதைத் தடுக்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (டாலராக) சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்புறம் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. தினமும் மரம் மரமாகப் பால் வெட்ட வேண்டிய வேலை இல்லை, அத்தனை ஆளும் தேவையில்லை. பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்தாலே போதும். நாடு சுதந்திரம் அடைந்தபோது 800-க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-ஐ ஒட்டி நிற்கின்றன, போனவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துப் பள்ளிகள். புல்டோசர் வந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும், அதற்கு முன் யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பையன்களைத் துரத்த வேண்டாம். கையில் நல்ல கேமரா இருக்கிறது, தைரியம் இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ராத்திரியில் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கு மேல் வெயில் சாய்வாகக் கதவு வழியே வரும்போதுதான் சுவரில் உள்ள கீறல், கரித்துண்டில் எழுதிய பால் கணக்கு, சாமிப் படம் மாட்டியிருந்த இடத்தில் புகை படியாத சதுரம் எல்லாம் எழுந்து தெரியும், ஃபிளாஷ் அடித்தால் அத்தனையும் மறைந்துவிடும். முதலில் அறையின் நாலு மூலையிலிருந்தும் நாலு படம் எடுங்கள், அதன்பிறகு நெருங்கிப் போகலாம். ஸ்மோக் ஹவுஸாக இருந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள், ரப்பர் ஷீட் தொங்கப்போட்ட கழிகள் அடுக்கடுக்காக இருக்கும். நாலைந்து நாள் விறகுப் புகையில் ஷீட்டைக் காயவைப்பார்கள், அந்தக் கரி இன்றும் விரலில் ஒட்டும். லயத்தைச் சுற்றிப் பழைய வேலிக் கம்பங்கள் நின்றால் அதையும் விடாதீர்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948-இல் அறிவித்த அவசரகாலத்தில் லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி போட்டதன் மிச்சமாக இருக்கலாம். இருக்கிறபடி எடுங்கள், உடைந்த பொம்மையைக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் உட்கார வைக்கிற வேலை வேண்டாம். முக்கியமாக, தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி, அது என்ன கட்டடம், சொன்னவர் யார் என்று படத்தோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் கழன்றுபோகும், டாக்குமெண்டாக அனுப்பினால் தங்கும்.

சொன்னவர் யார் என்றேன் இல்லையா, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. கட்டடத்துக்குப் போகுமுன் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் பழைய தோட்டத்து ஆட்களிடம் போய் உட்காருங்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) வீடு எது, டிரெசர் (தோட்ட மருந்துவர் உதவியாளர்) எங்கே மருந்து கொடுத்தார், கள்ளுக்கடை எந்த மூலையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் எழுந்திருக்கவே முடியாது. கொக்கி வீடியோ எடுத்த பையன் வழியில் ஒரு பாட்டியிடம் நின்று பேசியிருந்தால் அந்த அலறல் சத்தத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அனுமதி விஷயத்தில் மட்டும் அந்தப் பெரியவர் கட்சிதான் நான். பாழாகக் கிடந்தாலும் அது ஒருவருடைய நிலம், அத்துமீறி நுழைந்தால் தண்டனைச் சட்டம் 447-ஆவது பிரிவு இருக்கிறது. தோட்ட ஆபீசில் போய்க் கேட்டால் பாதி இடத்தில் சரி என்கிறார்கள், மீதி இடத்தில் ஜாகா (காவலாளி) விரட்டுகிறார், விரட்டினால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். தனியாகப் போகக் கூடாது. செம்பனைக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும். பலகைத் தரை என்றால் ஆணி அடித்த கோட்டின்மேல் கால் வையுங்கள், அதன் அடியில்தான் தாங்கும் மரச்சட்டம் இருக்கும், நடுப்பலகையைக் கரையான் தின்றிருக்கும். பழைய கூரைத் தகடுகள் பல ஆஸ்பெஸ்டாஸ், உடைந்து கிடந்தால் மிதித்துப் பொடியாக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். வௌவால் எச்சம் குவிந்த அறைக்கு முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். புல் மூடிய கிணறு எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

எதையும் எடுத்துக்கொண்டு வரவும் கூடாது. கதவு நாதாங்கி, எனாமல் பலகை, பால் வாளி என்று ஒவ்வொன்றாகக் கழன்று போய்க் காப்பிக்கடைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். என் தொழிலிலும் குறை இல்லாமல் இல்லை, இப்போது கல்யாண ஜோடிகள் இடிந்த லயத்தில் பட்டுச்சேலையோடு நிற்க ஆசைப்படுகிறார்கள், கொசுக்கடியில் சிரித்துக்கொண்டே. அது அவர்கள் விருப்பம், மாப்பிள்ளையின் தாத்தா அந்த லயத்தில் இருந்தவர் என்றால் நான் காசைக்கூடக் குறைத்துக்கொள்கிறேன்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு பதிப்பில் ஒரு சின்ன மூலை ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்கள் தோட்டத்துக் கட்டடப் படத்தைப் பெயர், இடம், தேதியோடு அனுப்பட்டும், தெரிந்தவர்கள் அடுத்த வாரம் விவரம் எழுதட்டும். முதல் படத்தை இந்தக் கடிதத்தோடு நானே இணைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஸ்மோக் ஹவுஸ், வெளிச்சுவரில் ஏற்கனவே சிவப்புச் சாயத்தில் இடிப்புக் குறி போட்டுவிட்டார்கள். ஆறு கதவுகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண். ஐந்தாம் கதவில் மட்டும் எண்ணுக்குக் கீழே ஒரு வட்டமும் குறுக்கே இரண்டு கோடுகளும் இருக்கின்றன. நான் கேட்ட யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஸ்மோக் ஹவுஸில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் படக்காரன்,
நிபோங் திபால்