காப்பாட்சியர்களே, கண்ணுக்குத் தெரிவதையும் பலகையில் எழுதுங்கள்

தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கும், அங்கே சிலைகளுக்கும் ஓவியங்களுக்கும் விளக்கப் பலகை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர், ஊர், நூற்றாண்டு, உலோகம் ஆகியவற்றோடு, அந்தப் பொருள் பார்க்க எப்படி இருக்கிறது என்பதையும் பலகையில் எழுதுங்கள். கை எங்கே இருக்கிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, ஆடை எதுவரை வருகிறது, எது உடைந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று ஐந்தாறு வரி போதும். அதையே நல்ல குரலில் வாசித்துப் பதிவு செய்து, காதால் கேட்கவும் வழி செய்யுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவது என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பார்வையில்லாத பிள்ளைகளும் எங்களோடு வருவார்கள். அப்படிப் போன ஓர் இடத்தில், பார்வையில்லாத மாணவி ஒருத்தி தோழியிடம் பலகையை வாசிக்கச் சொன்னாள். "நடராசர், வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு" என்று அவள் வாசித்தாள். "சரி, எப்படி இருக்கார்?" என்று இவள் கேட்டாள். "ஆடிட்டு இருக்கார், கையைத் தூக்கிட்டு" என்றதோடு தோழி நின்றுவிட்டாள். எத்தனை கை, எந்தக் கை, எந்தக் கால் தரையில் என்று அடுத்தடுத்துக் கேள்வி வந்தபோதுதான், கண் நன்றாகத் தெரிகிற அந்தப் பிள்ளை சிலையை முதல்முறையாகப் பார்க்கத் தொடங்கியது. அதனால், நான் கேட்பது பார்வையில்லாதவர்களுக்கான தனிச் சலுகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோருக்கும் அது வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டில் செய்தது. அருகில் நிற்கும் உமை அதற்கு அடுத்த ஆண்டு. இந்தச் செய்தி வேண்டும்தான். அதோடு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "உயரம் சுமார் மூன்றரை அடி. சிவனுக்கு இங்கே நம்மைப் போல இரண்டே கைகள். கால்களைக் குறுக்காக வைத்து, அவசரமே இல்லாமல் நிற்கிறார். சிலையின் வலக்கை முழங்கையில் மடங்கி, எதன் மேலோ சாய்த்து வைத்ததுபோல அந்தரத்தில் நிற்கிறது. அங்கே ஒரு காளை இருந்தது, இப்போது இல்லை. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அதில் பாம்பு பின்னியிருக்கிறது." இதை வாசித்த பிறகு எந்தப் பிள்ளையும் அந்த வலக்கையைப் பார்க்காமல் நகராது. காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும், அதன் தலை எங்கே வந்திருக்கும் என்று தானே கணக்குப் போடும். இல்லாத காளையைச் சிற்பி அந்த ஒரு முழங்கை வளைவில் விட்டுவைத்திருக்கிறான். அதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

அதே திருவெண்காட்டிலிருந்து எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்த அர்த்தநாரியும் அப்படித்தான். மூன்றே கைகள்: ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. வலப்பக்கம் ஆடை தொடையோடு நிற்கிறது, இடப்பக்கம் கீழே கால்வரை இறங்குகிறது. ஒரு பக்கம் தோள் அகலம், மறுபக்கம் இடுப்பு வளைந்து வெளியே வருகிறது. இத்தனை வேறுபாடும் ஒரே முதுகெலும்பின் ஒரே சாய்வில் பொருந்தி நிற்பதுதான் அந்தச் சிலையின் அதிசயம். "சிவனும் பார்வதியும் இணைந்த வடிவம்" என்ற ஒரு வரியில் இதில் எதுவுமே இல்லை.

கல்லில் கதை சொல்லும் சிற்பங்களுக்கு இது இன்னும் அவசியம். எழும்பூரில், ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களுக்கு நடுவே வட்ட வடிவமான ஒன்று இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியது, சுண்ணாம்புக்கல். மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கிய கதை. வட்டத்தின் இடப்பக்கம் யானை வாயிலைத் தாண்டித் தெருவுக்குள் பாய்கிறது, ஓர் ஆள் அதன் பிடியில் சிக்கியிருக்கிறான், ஜனங்கள் சிதறுகிறார்கள், மேலே மாடங்களில் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. வலப்பக்கம் புத்தர் அமைதியாக நிற்கிறார், யானை அவர் முன்னால் மண்டியிடுகிறது. இரண்டும் ஒரே யானை. முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சிற்பி ஒரே வட்டத்துக்குள் வைத்துவிட்டான். யாரும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டு யானை என்றே எண்ணிக்கொண்டு போவார்கள். "ஒரே யானைதான் இரண்டு முறை வருகிறது, இடமிருந்து வலமாகப் பாருங்கள்" என்று எழுத எவ்வளவு இடம் ஆகும்?

எழுதும்போது இடம், வலம் என்று வருகிற இடங்களில் கவனம் வேண்டும். பார்க்கிறவரின் இடமா, சிலையின் இடமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நடராசர் தீயை ஏந்தியிருப்பது தன் இடது கையில். எதிரில் நிற்கும் பிள்ளைக்கு அது தன் வலப்பக்கத்தில் தெரியும். காதால் மட்டும் கேட்கிறவருக்கு இந்த ஒரு குழப்பம் முழு உருவத்தையும் கலைத்துவிடும்.

இன்னொன்று. "எழில் மிகு", "கலைநயம் மிக்க", "தெய்வீகப் பொலிவு" போன்ற சொற்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றை எந்தச் சிலைக்குக் கீழேயும் ஒட்டலாம். உதட்டோரம் மேலே வளைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். அழகா இல்லையா என்பதைக் கேட்கிறவர் பார்த்துக்கொள்வார். தில்லைக் கூத்தனைப் பாடிய அப்பர் வளைந்த புருவத்தில் தொடங்கி, சிவந்த வாயின் சிரிப்பு, சடை, மேனியில் பூசிய நீறு என்று வந்து தூக்கிய பாதத்தில் நிறுத்தினார். முகத்திலிருந்து பாதம் வரை, ஒவ்வொன்றாக. காதால் கேட்கிறவருக்கு உருவத்தைக் காட்ட அதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை.

எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதினார். அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டும்தான். எழுதியது அவர் இறந்த பிறகு, 1921இல் அச்சானது. வாயை, கண்ணை, கால்களை, பக்கவாட்டுத் தோற்றத்தை, உடலில் ஒளியும் நிழலும் விழுவதைத் தனித்தனியாக நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அந்தச் சிலையில் சுற்றியிருக்க வேண்டிய திருவாசி என்னும் சுடர் வளையம் இல்லை, சடை இருபுறமும் விரிந்து பறக்கவும் இல்லை. அதனாலேயே உடலின் கோடு முழுவதும் மறைவில்லாமல் தெரிகிறது. சிலை நம் ஊரில், நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாமும் அப்படி நின்று பார்த்து எழுத வேண்டாமா?

ஒரு செப்புத் திருமேனி கோயிலில் இருக்கும்போது பட்டும் மாலையும் சாத்தி, முகம் மட்டும்தான் பெரும்பாலும் தெரியும். முழு உடலையும் முதுகையும் பார்க்கக் கிடைப்பது அருங்காட்சியகத்தில்தான். தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், தோளில் புரளும் சுருள் முடி, உலாவுக்குத் தூக்கிச் செல்ல பீடத்தில் விட்ட துளைகள் எல்லாம் பின்னாலும் கீழேயும்தான் இருக்கின்றன. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அது எதுவும் கிடைக்காது. சுற்றி வர இடம் விடுங்கள். முடியாத இடத்தில், பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையாவது எழுதுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 29ஆம் பிரிவில், கலையை அவர்களுக்கு எட்டும்படி செய்வதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இலேயே தொட்டுப் பார்க்கும் பிரதிகளோடு ஒரு கூடம் திறந்தது. பிரதி செய்யப் பணம் வேண்டும், நேரம் வேண்டும். அது நடக்கிறபோது நடக்கட்டும். ஐந்தாறு வரி எழுத, சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும் ஒருவர் போதும்.

ஒவ்வொரு அருங்காட்சியகமும் முதலில் பத்துப் பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். எழுதியதை, அந்தப் பொருளைப் பார்த்தே இராத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள். கை தப்பான இடத்தில் வந்தால், அந்த வரியைத் திருத்துங்கள். இந்த வேலைக்கு என் மாணவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் களிமண் பழக்கம் உண்டு, கேள்வி கேட்கவும் தயங்கமாட்டார்கள். கோடை விடுமுறையில் எந்த நாள் சொன்னாலும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்